புரதங்களைக் கட்டும் வேதியியல்

(பொதுமக்களுக்கான அறிவியல் உரை வரிசையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்து டேனரிகளில் ஒரு சோதனை செய்வார்கள். டிரம்மில் குரோம் ஏற்றி எடுத்த நீல நிறத் தோலில் ஒரு சிறு துண்டை வெட்டிக்கொள்வார்கள். அதைக் காகிதத்தின்மேல் வைத்து விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டு, கொதிக்கிற தண்ணீரில் சில நிமிடம் போட்டு எடுப்பார்கள். எடுத்த துண்டைத் திரும்பவும் அந்தக் கோட்டின்மேல் வைத்துப் பார்ப்பார்கள். கோட்டுக்குள் சரியாகப் பொருந்தினால் தோல் பதமாகிவிட்டது. சுருங்கியிருந்தால் டிரம்மை இன்னும் ஓட்ட வேண்டும்.

பதனிடாத பச்சைத் தோலுக்கு இந்தச் சோதனையெல்லாம் தாங்காது. 60, 65 டிகிரி வெந்நீரிலேயே அது சுருண்டு குறுகிவிடும். விடாமல் கொதிக்க வைத்தால் கரைந்து, தச்சர்கள் பயன்படுத்துகிற வஜ்ஜிரப் பசையாகிவிடும். இரண்டிலும் இருப்பது ஒரே புரதம். ஒன்று கொதிநீரில் கரைகிறது, மற்றொன்று அசையாமல் நிற்கிறது. நடுவில் நடந்தது என்னவென்றால், அந்தப் புரதத்தின் இழைகளுக்கு இடையே புதிதாகக் கட்டுகள் விழுந்திருக்கின்றன. வேதியியலில் இவற்றைக் குறுக்குப் பிணைப்புகள் என்கிறோம். அவற்றைப் போடுகிற பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன, எங்கே நமக்கு நன்மை செய்தன, எங்கே குழந்தைகளின் உயிரையே வாங்கின என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி. சங்கிலியாகவே கிடந்தால் அதனால் பயனில்லை. மடிந்து, சுருண்டு, தனக்கென்று ஓர் உருவம் எடுத்த பிறகே அது வேலை செய்யும். அந்த உருவத்தைத் தாங்குபவை பெரும்பாலும் வலுக்குறைந்த ஈர்ப்புகள். சூடு, அமிலம், ஆல்கஹால் எது பட்டாலும் அவை விட்டுப்போகும். வலுவான சகப்பிணைப்பு ஒன்றை இரண்டு இடங்களுக்கு இடையே போட்டுவிட்டால், அந்த இரண்டு இடங்களும் அதன் பிறகு விலக முடியாது. குறுக்குப் பிணைப்பின் சாரம் இவ்வளவே.

எந்த இடத்தில் கட்டு விழும்? இருபது வகை அமினோ அமிலங்களில் பெரும்பாலானவை வேற்றுப் பொருள்களோடு எளிதில் வினைபுரிவதில்லை. அதிகம் அகப்படுவது லைசின். அதன் பக்கச் சங்கிலி நான்கு கார்பன் நீளத்துக்கு வெளியே நீண்டு, நுனியில் ஓர் அமீன் தொகுதியோடு நிற்கும். அதிலுள்ள நைட்ரஜனிடம் பங்கிடாத எலக்ட்ரான் இணை ஒன்று உண்டு. எலக்ட்ரான் குறைவாக உள்ள கார்பன் அருகில் வந்தால் நைட்ரஜன் அதைப் பற்றிக்கொள்ளும். லைசினுக்கு நீர் பிடிக்கும் என்பதால் புரதத்தின் உட்புறத்தில் அது ஒளிந்துகொள்வதில்லை, மேற்பரப்பிலேயே இருக்கும். இதனால் வேதிப்பொருள் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நடுநிலைக் கரைசலில் பெரும்பாலான லைசின்களின் நைட்ரஜன் ஏற்கெனவே ஒரு புரோட்டானைப் பிடித்து வைத்திருக்கும். எலக்ட்ரான் இணை அதற்கே செலவாகிவிட்டதால் வேறு எதையும் அதனால் பிடிக்க முடியாது. கரைசலைக் கொஞ்சம் காரத்தன்மைக்குக் கொண்டுபோனால் புரோட்டான் விலகும், நைட்ரஜன் விடுபடும். இன்றைய பேச்சு முழுவதிலும் இந்தக் கார அமிலக் கணக்கு திரும்பத் திரும்ப வரும். கட்டு எப்போது விழ வேண்டும் என்பதைக் கையில் வைத்திருக்க நமக்குள்ள முதல் வழி அதுவே.

கட்டும் பொருள்களில் மிகச் சிறியது ஃபார்மால்டிஹைடு. ஒரே ஒரு கார்பன். அதை நீரில் ஏறத்தாழ 37 சதவீதம் கரைத்தால் ஃபார்மலின். அது புரதத்தோடு சேர்வதில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. முதலில் லைசினின் நைட்ரஜன் ஃபார்மால்டிஹைடின் கார்பனைப் பற்றுகிறது. பிறகு அங்கிருந்து ஒரு நீர் மூலக்கூறு வெளியேறி, இமைன் என்ற வினைதிறன் மிக்க அமைப்பு உண்டாகிறது. இவ்வளவும் விரைவாக நடக்கும், நிறைய நீரில் கழுவினால் பெரிய அளவுக்குத் திரும்பியும் போகும். இந்த நிலையில் எதுவும் கட்டப்படவில்லை. ஒரு முனை மட்டுமே ஒட்டியிருக்கிறது.

இரண்டாம் கட்டத்தில் அந்த இமைன் பக்கத்தில் இருக்கிற இன்னோர் அமினோ அமிலத்தைத் தேடுகிறது. டைரோசின், டிரிப்டோஃபேன், ஹிஸ்டிடின், ஆர்ஜினின் இவற்றில் ஒன்று எட்டும் தூரத்தில் இருந்தால் அதோடு சேர்ந்து, நடுவில் ஒற்றைக் கார்பன் பாலமாக நிற்கும். பாலம் ஒரே கார்பன் என்பதால் இரண்டு இடங்களும் இரண்டு மூன்று ஆங்ஸ்ட்ரம் தூரத்துக்குள் வந்தாக வேண்டும். ஓர் ஆங்ஸ்ட்ரம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. புரதம் ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருப்பது. அந்த அதிர்வில் இரண்டு இடங்களும் தற்செயலாக நெருங்கும் கணத்தில்தான் பாலம் விழும். அதனால் இந்தக் கட்டம் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் நடக்கும். இந்த வேதியியலை 1940-களில் படிப்படியாகப் பிரித்துக் காட்டியவர்களில் முதன்மையானவர் ஹைன்ஸ் ஃபிரேங்கல்-கான்ராட்.

ஆக, வேதிப்பொருள் உள்ளே போவது ஒரு செயல், கட்டுவது இன்னொரு செயல். இரண்டுக்கும் வேகம் வேறு. இந்த இடைவெளியைப் புரிந்து பயன்படுத்தியவர்கள் வென்றார்கள். இதைக் கவனிக்காத இடங்களில் விபரீதம் நடந்திருக்கிறது.

தோலுக்கு வருவோம். தோலின் முக்கியப் புரதம் கொலாஜன். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய தாம்புக் கயிறு அது. இந்த மும்மடிச் சுருளை 1954-இல் முதலில் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கிண்டியில் அவர்கள் துறைக்கு அருகிலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் இருந்தது. தோலின் மூலக்கூறு எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு உலகத்துக்கு விடை சொன்ன ஊர் சென்னை என்பதை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

கொலாஜனைக் கட்டுவதற்கு நம் முன்னோர் பயன்படுத்தியது ஆவாரம் பட்டையும் கடுக்காயும். அவற்றிலுள்ள டானின்கள் பெரிய மூலக்கூறுகள். ஒவ்வொன்றிலும் ஏராளமான ஹைட்ராக்சில் தொகுதிகள். தனித்தனியாக வலுக்குறைந்த ஹைட்ரஜன் பிணைப்புகள்தான் என்றாலும் ஒரே மூலக்கூறு பல இடங்களில் ஒட்டுவதால் இழைகள் நன்றாகவே நிற்கும். பட்டைத் தோல் சுருங்கத் தொடங்கும் வெப்பநிலை 80 டிகிரியை ஒட்டி இருக்கும். ஆனால் பெரிய மூலக்கூறு தடித்த தோலின் நடுவரைக்கும் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும்.

குரோமியம் இந்தக் கணக்கை மாற்றியது. ஃபிரீட்ரிஷ் க்னாப் 1858-இலேயே அதைப் பற்றி எழுதினார். தொழிலாக்கும் வழிக்கு 1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் காப்புரிமை பெற்றார். குரோமியம் லைசினை நாடுவதில்லை. ஆஸ்பார்ட்டிக், குளுட்டாமிக் அமிலங்களின் கார்பாக்சில் தொகுதிகளே அதற்கு வேண்டும். சல்ஃபேட்டோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து சிறு கூட்டமாக இருக்கும் குரோமிய அயனிகள், ஓர் இழையின் கார்பாக்சிலையும் அடுத்த இழையின் கார்பாக்சிலையும் பிடித்து நிறுத்துகின்றன.

இங்கே டேனரிக்காரர்களின் கைப்பக்குவத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முடி நீக்கி, சுண்ணாம்பு கழுவிய தோலை முதலில் உப்பும் அமிலமும் கலந்த நீரில் ஓட்டுவார்கள். பிஎச் மூன்றுக்குக் கீழே போகும். அந்த அமிலத்தில் கொலாஜனின் கார்பாக்சில் தொகுதிகள் புரோட்டானைப் பிடித்துக்கொண்டு வினைபுரியாமல் இருக்கும். இப்போது குரோமைச் சேர்த்தால் அது எங்கும் ஒட்டாமல் தோலின் நடுவரைக்கும் தாராளமாக நுழையும். மேஸ்திரி ஒரு துண்டை வெட்டிக் குறுக்குவெட்டைப் பார்ப்பார். நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் ஓட வேண்டும். நீலம் நடுவரைக்கும் வந்துவிட்டால், சோடியம் பைகார்பனேட்டைக் கரைத்து, சிறிது சிறிதாக, மணிக்கணக்கில் இடைவெளி விட்டு ஊற்றுவார்கள். பிஎச் நான்கை நெருங்கும். கார்பாக்சில்கள் புரோட்டானை விடும், குரோமியம் பற்றிக்கொள்ளும். பிறகு கொதிநீர்ச் சோதனை.

அவசரப்பட்டு சோடாவை மொத்தமாகக் கொட்டினால், குரோம் முழுக்க மேற்பரப்பிலேயே படிந்து, உள்ளே பச்சையாக நிற்கும். நான் முன்னால் சொன்ன இரண்டு செயல்களையும் இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் கையாளும் தொழில் வேறொன்று எனக்குத் தெரியாது. முதலில் கட்டும் திறனை அடக்கி வைத்து நுழைய விடுகிறார்கள், நுழைந்த பிறகு கட்ட விடுகிறார்கள். எந்தப் பல்கலைக்கழகமும் அவர்களுக்குப் பட்டம் தரவில்லை, ஆனால் புரத வேதியியலில் அவர்கள் தேர்ந்தவர்கள்.

இதற்குப் பாலாறு கொடுத்த விலையையும் சொல்லாமல் போக முடியாது. வழக்கமான முறையில் போடும் குரோமில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே தோலில் ஏறும். மீதி கழிவுநீரில் போகும். இந்தக் கழிவை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் திருப்புமுனைகளில் ஒன்று. கட்டாமல் மிஞ்சும் வேதிப்பொருள் எங்கே போகிறது என்பதும் இந்த வேதியியலின் ஒரு பகுதிதான். அதைப் பாடப்புத்தகத்தில் தனி அத்தியாயமாக ஒதுக்கி வைப்பது சரியில்லை என்பது என் கருத்து.

ஆய்வகத்தில் நாங்கள் பயன்படுத்தும் கட்டும் பொருள்கள் இன்னும் அடக்கமானவை. என்எச்எஸ் எஸ்டர் என்ற வினைத் தொகுதியை இரண்டு நுனியிலும் வைத்து, நடுவில் அளவெடுத்த ஒரு கார்பன் சங்கிலியை வைத்திருப்பார்கள். டிஎஸ்எஸ் என்ற பொருளில் அந்த இடைவெளி 11.4 ஆங்ஸ்ட்ரம். இரண்டு லைசின்கள் இதனால் கட்டப்பட்டால், அவை இரண்டும் அந்தப் பொருள் எட்டும் தூரத்துக்குள் இருந்திருக்கின்றன என்று அறியலாம். புரதத்தை நொறுக்கி, நிறை நிறமாலைமானியில் எந்தத் துண்டோடு எந்தத் துண்டு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத பெரிய புரதக் கூட்டங்களின் அமைப்பையே வரைந்துவிடலாம்.

இதிலும் அதே நேரக் கணக்கு உண்டு. இந்த எஸ்டரை நீரும் உடைக்கும். பனிக்கட்டிக் குளிரில், நடுநிலை பிஎச்சில் நாலைந்து மணி நேரத்தில் பாதி வீணாகும். பிஎச்சை 8.6-க்கு ஏற்றினால் பத்தே நிமிடத்தில் பாதி போய்விடும். லைசினை விடுவிக்கவும் காரம் வேண்டும், எஸ்டரைக் காப்பாற்றக் காரம் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஏழரை, எட்டு என்று ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறோம். புதிதாக வரும் மாணவர்களுக்கு முதலில் சொல்வது, புரதத்தை டிரிஸ் கரைசலில் வைத்துக்கொண்டு இந்த வேலையைத் தொடங்காதீர்கள் என்பது. டிரிஸ் தானே ஓர் அமீன். புரதத்தைவிடப் பல மடங்கு அதிகமாகக் கரைசலில் இருப்பதால் எஸ்டர் முழுவதையும் அதுவே வாங்கிக்கொள்ளும். அதே டிரிஸ்ஸை, வினை போதும் என்கிற நேரத்தில் வேண்டுமென்றே ஊற்றி நிறுத்துவதும் வழக்கம்.

இனி மருந்துக்கு வருகிறேன். தொண்டை அடைப்பான் நோயில் கிருமியைவிடக் கொடியது அது சுரக்கும் நஞ்சு. அந்த நஞ்சு ஒரு புரதம். அதன் வினைபுரியும் துண்டு ஒரே ஒரு மூலக்கூறு செல்லுக்குள் போனாலும் அந்தச் செல் செத்துவிடும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1978-இல் காட்டினார்கள். அப்படிப்பட்ட பொருளைக் கைக்குழந்தைக்கு ஊசியாகப் போடுவதற்கு உரியதாக மாற்றியவர் பாஸ்டர் நிறுவனத்தின் காஸ்டன் ராமோன். அடிப்படையில் அவர் கால்நடை மருத்துவர். 1923-இல் அவர் நஞ்சில் சிறிதளவு ஃபார்மலின் சேர்த்து, உடல் சூட்டை ஒட்டிய வெப்பத்தில் வாரக்கணக்கில் வைத்தார். நஞ்சின் கொடுமை முழுக்கப் போனது. நோய் எதிர்ப்பைத் தூண்டும் திறன் மட்டும் நின்றது.

இது எப்படி முடிந்தது? அந்த நஞ்சு செல்லுக்குள் நுழைய வேண்டுமானால் தன் மடிப்பை அவிழ்த்துக்கொண்டு சவ்வைத் தாண்ட வேண்டும். ஃபார்மால்டிஹைடு உள்ளுக்குள்ளேயே கட்டுகள் போட்டுவிட்டதால் அதனால் அவிழ முடியவில்லை. மேற்பரப்பின் உருவமோ பெருமளவுக்கு அப்படியே இருந்தது. நம் உடலின் எதிர்ப்பணுக்கள் அடையாளம் காண்பது அந்த மேற்பரப்பை. ராமோனின் வெற்றிக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை நான் பெரிதாக நினைக்கிறேன். நஞ்சும் எதிர்நஞ்சும் சேரும்போது குழாயில் திரிதிரியாகப் படிவதை அளவுகோலாக வைத்து, உருவம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளக்கும் முறையை அதற்கு முந்தைய ஆண்டே அவர் உருவாக்கியிருந்தார். எது அழிந்தது என்பதை மட்டும் பார்க்காமல் எது மிஞ்சியது என்பதையும் அவர் அளந்தார். இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைக்குப் போடும் ஐந்தடுப்பு ஊசியில் தொண்டை அடைப்பானுக்கும் ரணஜன்னிக்கும் உள்ள பகுதிகள் இதே வழியில் ஃபார்மலின் கொண்டு அடக்கப்பட்ட நஞ்சுகள்.

இந்த அளவுகோல் இல்லாமல் போனதன் விளைவு 1966-இல் அமெரிக்காவில் தெரிந்தது. ஆர்எஸ்வி என்பது கைக்குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் வைரஸ். மற்ற வைரஸ்களுக்குப் பலித்ததைப் போல இதையும் ஃபார்மலினில் அடக்கி, குழந்தைகளுக்கு ஊசி போட்டார்கள். அடுத்த குளிர்காலத்தில் உண்மையான வைரஸ் பரவியபோது, ஊசி போட்ட குழந்தைகள் போடாத குழந்தைகளைவிட மோசமாகப் பாதிக்கப்பட்டார்கள். ஒரு பரிசோதனைக் குழுவில், ஊசி பெற்றுத் தொற்றுக்கு ஆளானவர்களில் 80 சதவீதம் பேர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. ஒப்பீட்டுக் குழுவில் அது 5 சதவீதம். இரண்டு குழந்தைகள் இறந்தன. அந்தத் தாய் தந்தையர் அறிவியலை நம்பிப் பிள்ளைகளைக் கொடுத்தவர்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

காரணம் புரியப் பல பத்தாண்டுகள் ஆயின. அந்த வைரஸின் மேற்பரப்பில் எஃப் என்றொரு புரதம் உண்டு. அதற்கு இரண்டு நிலைகள். செல்லோடு இணைவதற்கு முன் ஒரு நிலை, இணைந்த பின் நீண்டு விரிந்த இன்னொரு நிலை. வலுவான எதிர்ப்பணுக்கள் பெரும்பாலும் முதல் நிலையை அடையாளம் காண்பவை. அந்த நிலையோ சுலபத்தில் நழுவிவிடும். தயாரிப்பின்போது புரதம் இரண்டாம் நிலைக்குப் போய்விட்டது. குழந்தையின் உடல் உண்மையான எதிரியைத் தடுக்க உதவாத எதிர்ப்பணுக்களைச் செய்துவைத்துக்கொண்டது. வேறு காரணங்களும் சேர்ந்திருக்கின்றன என்றாலும் இது முதன்மையானது என்று இன்று கருதப்படுகிறது.

2013-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜேசன் மெக்லெல்லன், பீட்டர் குவாங், பார்னி கிரஹாம் ஆகியோரின் குழு முதல் நிலையின் வடிவத்தைக் கண்டது. கண்டவுடன் அவர்கள் செய்ததும் ஒரு குறுக்குப் பிணைப்பே. புரதத்தில் அருகருகே வரும் இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்து, அங்கே இருந்த அமினோ அமிலங்களை மாற்றிச் சிஸ்டீன்களை வைத்தார்கள். இரண்டு சிஸ்டீன்களின் கந்தகமும் சேர்ந்து டைசல்ஃபைடு கட்டாக மாறி, புரதத்தை முதல் நிலையிலேயே நிறுத்தியது. 2023-இல் அனுமதி பெற்ற ஆர்எஸ்வி தடுப்பூசிகள் இந்த வழியில் வந்தவை. அவற்றில் ஒன்றைக் கர்ப்பிணிகளுக்கே போட்டுப் பிறக்கும் குழந்தையைக் காக்கிறார்கள். 1966-இல் கட்டுகளுக்குப் பஞ்சமில்லை. எந்த உருவத்தைக் கட்டுகிறோம் என்று பார்க்கும் வழி அப்போது இல்லை.

இதய வால்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பன்றியின் வால்வையோ மாட்டின் இதய உறையையோ மனிதனுக்குள் வைக்கும் வழியை 1960-களின் இறுதியில் பாரிஸில் அலென் கார்பெந்தியே கண்டார். அவர் கையாண்டது குளுட்டரால்டிஹைடு. ஐந்து கார்பன், இரண்டு நுனியிலும் ஆல்டிஹைடு. நீரில் தன்னோடு தானே சேர்ந்து பல நீளங்களில் இருப்பதால் கிட்டத்திலும் எட்டத்திலும் உள்ள லைசின்களை அது கட்டும், கட்டு எளிதில் அவிழாது. விலங்குத் திசுவின் அந்நியத்தன்மை பெருமளவு மறைந்து, பத்துப் பதினைந்து ஆண்டுகள் அது மனித இதயத்தில் திறந்து மூடுகிறது. மிஞ்சி நிற்கும் ஆல்டிஹைடுகளும் சேர்ந்து காலப்போக்கில் சுண்ணாம்புச் சத்தைப் படிய வைப்பதுதான் இதன் குறை. இளம் வயதினரிடம் அது இன்னும் வேகமாக நடக்கும்.

நம் உடலும் இதே வேதியியலைச் செய்கிறது. லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி, கொலாஜனின் லைசின் நுனியையே ஆல்டிஹைடாக மாற்றிப் பக்கத்து இழையோடு கட்டுகிறது. எந்த லைசின், எந்த இடம் என்பதில் அது பிசகுவதில்லை. அந்தக் கட்டுகள் இல்லாவிட்டால் எலும்பும் ரத்தக்குழாயும் நிற்காது.

ஆனால் நொதியின் கட்டுப்பாட்டில் இல்லாமலும் நமக்குள் கட்டுகள் விழுகின்றன. குளுக்கோஸும் ஓர் ஆல்டிஹைடு. நல்லவேளையாக, லட்சம் குளுக்கோஸ் மூலக்கூறுகளில் இரண்டு மூன்றே எந்த நேரத்திலும் வளையம் திறந்து ஆல்டிஹைடாக நிற்கும். அதனால் மெதுவாகவே அது புரதத்தில் ஒட்டுகிறது. சர்க்கரை நோயாளிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் எச்பிஏ1சி என்பது, ஹீமோகுளோபினில் அப்படி ஒட்டிய குளுக்கோஸின் அளவு. சிவப்பணு 120 நாளில் போய்விடும் என்பதால் அங்கே கதை முதல் கட்டத்தோடு முடிகிறது. கொலாஜனோ பல ஆண்டுகள் இருக்கும். அதில் ஒட்டிய சர்க்கரை மெல்ல மெல்ல உருமாறி, பக்கத்து இழையையும் பிடித்துக் கட்டிவிடும். நீண்ட நாள் சர்க்கரை நோயாளி ஒருவரை இரு கைகளையும் சேர்த்துக் கும்பிடச் சொல்லுங்கள். சிலருக்கு உள்ளங்கைகள் ஒட்டினாலும் விரல்களுக்கு நடுவே இடைவெளி நிற்கும், விரல் நிமிராது. மருத்துவர்கள் இதை ஓர் அறிகுறியாகவே பார்க்கிறார்கள். ரத்தக்குழாயின் சுவரும் இப்படியே விறைக்கிறது. இந்தக் கட்டுகளை அவிழ்க்கும் மருந்து எதுவும் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. விழாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே வழி.

மீனில் ஃபார்மலின் பற்றி இந்தக் கூட்டத்தில் யாராவது கேட்பீர்கள் என்று தெரியும். 2018-இல் கேரளத்தில் டன் கணக்கில் அப்படிப்பட்ட மீன் பிடிபட்டது. மீனை விரலால் அமுக்கிப் பார்த்து வாங்குவது நம் வழக்கம். தசைப் புரதங்கள் கட்டப்பட்டுவிட்டால் பழைய மீனும் விரலுக்குக் கெட்டியாகவே இருக்கும். அதனால் கெட்டியாக இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். செவுளின் நிறத்தையும் வாடையையும் சேர்த்துப் பாருங்கள். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

கடைசியாக, ஃபார்மலினுக்கு மிகவும் உரிய இடமான நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கு வருகிறேன். 1893-இல் ஃபிராங்ஃபர்ட்டில் ஃபெர்டினாண்ட் ப்ளூம் என்ற மருத்துவர் ஃபார்மலின் கிருமியைக் கொல்லுமா என்று சோதித்துக்கொண்டிருந்தபோது, தன் விரல் தோல் கெட்டிப்பட்டதைக் கவனித்தார். திசுவைப் பதப்படுத்த இது உதவும் என்று கண்டுகொண்டார். அன்றிலிருந்து உடலில் வெட்டியெடுக்கும் துண்டு ஃபார்மலினில்தான் போகிறது. நான் சொன்ன இரண்டு கட்டங்களும் இங்கே நோயாளியின் தலையெழுத்தோடு சம்பந்தப்படுகின்றன.

மார்பகப் புற்றுநோயில், கட்டியின் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறதா, எச்இஆர்2 புரதம் மிகுந்திருக்கிறதா என்று பார்த்து மருந்தைத் தீர்மானிக்கிறார்கள். பார்ப்பது எதிர்ப்பணுக்களைக் கொண்டு. ஃபார்மலின் போட்ட கட்டுகள் எதிர்ப்பணுவின் பார்வையை மறைக்கும் என்பதால், கண்ணாடித் தகட்டில் ஒட்டிய மெல்லிய திசு வெட்டைச் சிட்ரேட் கரைசலில் வைத்துச் சூடாக்குவார்கள். அதற்குப் பல ஆய்வகங்களில் நம் சமையலறை பிரஷர் குக்கரே பயன்படுகிறது. ஃபார்மால்டிஹைடின் கட்டுகளில் கணிசமானவை சூட்டில் அவிழும் என்பதை ஃபிரேங்கல்-கான்ராட் காலத்திலேயே கண்டிருந்தார்கள். அதை நோயறிதலுக்குக் கொண்டுவந்தது 1991-இல்.

திசு சரியாகக் கட்டப்பட்டிருந்தால் மட்டுமே இதெல்லாம் பலிக்கும். எடுத்த துண்டு ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினுக்குள் போக வேண்டும். தாமதித்தால் செல்லின் சொந்த நொதிகளே புரதங்களைத் தின்றுவிடும். ஃபார்மலின் துண்டைப் போலப் பத்து மடங்காவது இருக்க வேண்டும். குறைந்தது 6 மணி நேரம், அதிகம் போனால் 72 மணி நேரம் ஊற வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். ஃபார்மலின் திசுவுக்குள் சீக்கிரம் நுழையும், கட்டுவது மெதுவாக. அரைகுறையாகக் கட்டிய திசுவில், இருக்கிற ஏற்பி இல்லை என்று விடை வரலாம். அப்படி வந்தால், டமாக்சிஃபென் போன்ற பலன் தரக்கூடிய, விலை மலிவான மாத்திரை அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காமல் போகும்.

நம் ஊரில் அந்தப் பாட்டிலை மருத்துவமனையிலிருந்து ஆய்வகத்துக்கு எடுத்துப்போவது பல நேரங்களில் நோயாளியின் மகனோ மருமகளோதான். மறுநாள் போகலாம் என்று வீட்டில் வைத்துவிடுகிறவர்களும் உண்டு. உங்களிடம் நான் கேட்பது இதுதான். அப்படி ஒரு பாட்டில் உங்கள் கைக்கு வந்தால், உள்ளே இருப்பது ஃபார்மலினா அல்லது வெறும் சலைனா என்று கேளுங்கள். துண்டு முழுதும் மூழ்கி, அதற்கு மேலும் தாராளமாகத் திரவம் இருக்கிறதா என்று பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில், துண்டை எடுத்த நேரத்தையும் ஃபார்மலினில் போட்ட நேரத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். இங்கே வந்திருக்கும் செவிலியர்களும் மருத்துவ மாணவர்களும் யாரும் கேட்காமலே அந்த இரண்டு நேரங்களையும் எழுதும் பழக்கத்தை இன்றிலிருந்து தொடங்குங்கள்.